மூன்று பிளாஷர் மாற்றியும் ஏமாற்றும் இண்டிகேட்டர்

தன் பெயர், ஊர், வண்டியின் பெயர் மூன்றும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர் ஒருவரின் கடிதம் இது. நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவர் ஓட்டுவது 2001இல் பதிவான 100 சிசி மோட்டார்சைக்கிள். ஹோண்டா தொழில்நுட்பத்தில் இங்கே தயாரானது. அப்பா வாங்கிய வண்டி. அவர் காலமான பிறகு போன ஆண்டு இவர் கைக்கு வந்திருக்கிறது. தினமும் போக வர 36 கிலோமீட்டர். எட்டு மாதமாக இண்டிகேட்டர் சில நாள் எரிகிறது, சில நாள் எரிவதில்லை. வலது பக்கம்தான் அதிகத் தொல்லை. நான்குவழிச் சாலையில் ஹேண்டிலை வலப்புறம் ஒடித்துத் திரும்பும் இடத்தில் நின்றுவிடுகிறது. மீட்டரில் உள்ள விளக்கும் கூடவே அணைகிறது. நேராக வந்ததும் தானாக எரிகிறது. மழை பெய்த மறுநாள் பிரேக் பிடித்தால் பின்பக்க இண்டிகேட்டர்கள் இரண்டும் மங்கலாக எரிவதாகப் பின்னால் வந்த நண்பர் சொல்லியிருக்கிறார். சிக்னலில் நிற்கும்போது இரு பக்கமும் மிக மெதுவாக விட்டுவிட்டு எரிகின்றன. ஆக்சிலரேட்டர் கொடுத்தால் சரியாகிவிடுகிறது. இண்டிகேட்டரை விட்டுவிட்டு எரியவைக்கும் பிளாஷரை மூன்று முறை மாற்றியாகிவிட்டது. நடுவில் எல்.இ.டி. பல்புகள் போட்டுப் பார்த்து, நிலைமை மோசமானதும் கழற்றிவிட்டார். வலது இண்டிகேட்டர் போட்டிருந்த நேரத்தில் இரண்டு முறை பியூஸ் போனதால், இப்போது 20 ஆம்பியர் பியூஸ் போட்டிருக்கிறார். மெக்கானிக், வயரிங் கிட்டையே, அதாவது வண்டியின் மொத்த வயர் கட்டையும், மாற்றிவிடலாம், கூலியோடு 4,500 ரூபாய் என்கிறார். போன மாதம் வலப்புறம் திரும்பும்போது பின்னால் வந்த லாரி உரசாத குறையாகக் கடந்திருக்கிறது. வீட்டில் வண்டியை விற்றுவிடச் சொல்கிறார்கள். "பழுது எங்கே இருக்கிறது? கை காட்டித் திரும்பினால் போதாதா? மெக்கானிக் என்னை ஏமாற்றுகிறாரா?" என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள நண்பருக்கு,

முப்பது ஆண்டுகளாக வண்டி வயரிங் வேலை பார்க்கிறேன். "சார், இண்டிகேட்டர் வேலை செய்யவில்லை" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லாத வாடிக்கையாளர்கள்தான் அதிகம். நீங்கள் எப்போது அணைகிறது, எதோடு சேர்ந்து அணைகிறது, மழைக்கு என்ன ஆகிறது என்றெல்லாம் கவனித்து எழுதியிருக்கிறீர்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிட்டது.

நீங்கள் தடுமாறிய இடம் ஒன்றுதான். எட்டு மாதமாக ஒரே பழுதைத் தேடிக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் வண்டியில் இருப்பது மூன்று பழுதுகள். ஹேண்டிலைத் திருப்பினால் அணைவது ஒன்று, பிரேக் பிடித்தால் இண்டிகேட்டர் மங்கலாக எரிவது இன்னொன்று, நிற்கும்போது மெதுவாவது வேறொன்று. மூன்றும் ஒரே விளக்கில் வெளிப்படுவதால் ஒன்றுபோலத் தெரிகின்றன. ஒன்றைச் சரிசெய்த அன்று மற்றொன்று தலைகாட்டும். "பழையபடி ஆகிவிட்டது" என்று பிளாஷரைத் திட்டுவீர்கள். இருபது ஆண்டு தாண்டிய வண்டியில் இது சாதாரணம். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

அதற்கு முன் இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். அந்த 20 ஆம்பியர் பியூஸைக் கழற்றி எறிந்துவிட்டு, வண்டிக் கையேட்டில் சொல்லியுள்ள அளவு பியூஸைப் போடுங்கள். பியூஸ் காப்பாற்றுவது பல்பை அல்ல, வயரை. இரண்டு 10 வாட் பல்புக்கும் சேர்த்து ஓடும் மின்சாரம் 1.7 ஆம்பியர்தான்; அதற்கேற்ற மெல்லிய வயர்தான் உள்ளே போகிறது. எங்கேயாவது வயர் உரசி இரும்பைத் தொட்டால், சரியான பியூஸ் நொடியில் போய்விடும். 20 ஆம்பியர் பியூஸ் போகாமல் நிற்கும். வயர் சூடேறி உருகும். அந்த வயர் கட்டு பெட்ரோல் டேங்குக்கு நேர் அடியில் போகிறது என்பதை நினைவில் வையுங்கள். மறுபடியும் பியூஸ் போனால் கவலைப்பட வேண்டாம். அது நமக்குத் துப்பு.

பிளாஷர் குற்றவாளியா? ஒரு நிமிடச் சோதனை

சைடு கவரைக் கழற்றினால் ரப்பரில் தொங்கும் சிறு டப்பாதான் பிளாஷர். ஹோண்டா வழி வண்டிகளில் அதற்குப் போகும் இரண்டு வயர்களில் ஒன்று கருப்பு, மற்றது சாம்பல். கருப்பு, சாவி போட்டதும் மின்சாரம் வரும் வயர். சாம்பல், அதை இடது கைப்பிடியில் உள்ள சுவிட்சுக்குக் கொண்டுபோகும் வயர். பிளாஷரைக் கழற்றிவிட்டு, அந்த இரண்டையும் ஒரு சிறு வயர்த்துண்டால் இணைத்துவிடுங்கள். சாவியைப் போட்டு வலது இண்டிகேட்டரைத் தள்ளுங்கள். விளக்கு விட்டுவிட்டு எரியாது, நின்று எரியும். இது சோதனைக்கு மட்டும். இப்படியே சாலைக்குப் போகக்கூடாது.

இப்போது ஹேண்டிலை வலப்புறம் முழுவதும் ஒடியுங்கள். விளக்கு அணைந்தால் பிளாஷருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று பொருள், ஏனென்றால் பிளாஷர் இப்போது வண்டியிலேயே இல்லை. உங்கள் வண்டியில் இது அணையத்தான் போகிறது என்று கடிதத்தைப் படித்த வரையில் நினைக்கிறேன். இந்தச் சோதனையில் இன்னொரு சௌகரியமும் உண்டு. அணைந்து அணைந்து எரியும் விளக்கில் எந்த அணைப்பு பிளாஷர் செய்வது, எந்த அணைப்பு பழுது செய்வது என்று கண்ணுக்குத் தெரியாது. நின்று எரியும் விளக்கில் ஒரு துடிப்பு விழுந்தாலும் தெரிந்துவிடும்.

அப்படியானால் மூன்று பிளாஷர்களும் வீணா? அப்படியும் சொல்ல முடியாது. பியூஸ் போகும் அளவுக்கு மின்சாரம் பாய்ந்த இரண்டு முறையும் அது பிளாஷர் வழியாகத்தான் பாய்ந்திருக்கிறது. அவற்றில் ஒன்றிரண்டு உண்மையிலேயே செத்திருக்கலாம். செத்தது பிளாஷர், கொன்றது வேறு.

ஹேண்டிலைத் திருப்பினால் அணைவது

உங்களிடம் ஒரு கேள்வி. இடது இண்டிகேட்டரைப் போட்டுக்கொண்டு ஹேண்டிலை வலப்புறம் திருப்பிப் பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள், சாலையில் யாரும் அப்படி ஓட்டுவதில்லை. வீட்டு வாசலில் நிறுத்தி அதைச் செய்யுங்கள். ஹேண்டில் வலப்புறம் இருக்கும்போது இடது இண்டிகேட்டரும் அணைந்தால், இரு பக்கத்துக்கும் பொதுவான சாம்பல் வயரில் பழுது. இடது எரிந்து வலது மட்டும் அணைந்தால், சுவிட்சிலிருந்து வலது விளக்குகளுக்கு வரும் இளநீல வயரிலோ சுவிட்சுக்குள்ளேயோ பழுது. இடது பக்கத்துக்கான வயர் ஆரஞ்சு நிறம். அது உங்களைத் தொந்தரவு செய்ததாக எழுதவில்லை.

மீட்டர் விளக்கும் சேர்ந்து அணைகிறது என்று எழுதியிருப்பது பெரிய துப்பு. ஒரு பல்பு மட்டும் போயிருந்தால் மீட்டர் விளக்கு இப்படி முழுதாக அணையாது. பழைய வெப்ப வகை பிளாஷரில் வேகம் குறையும் அல்லது விளக்கு எரிந்தபடியே நிற்கும். மின்னணு வகை பலவற்றில் படபடவென்று வேகம் கூடும். எல்லாமே ஒரே நேரத்தில் இருளுகின்றன என்றால், வயர் முன்னுக்கும் பின்னுக்கும் பிரிவதற்கு முன்பே அறுபடுகிறது. அதாவது சுவிட்சுக்கும் ஹெட்லைட் டூமுக்கும் நடுவில் பாருங்கள். பின்பக்க பல்பைக் கழற்றித் துடைப்பதில் இனி நேரம் செலவிட வேண்டாம்.

ஹேண்டிலின் கழுத்துப் பகுதியில் வயர் கட்டு வளைகிறது. ஒரு நாளைக்கு எத்தனை முறை ஹேண்டில் திரும்புகிறது என்று எண்ணிப் பாருங்கள், அதை இருபத்துச் சொச்சம் ஆண்டால் பெருக்குங்கள். உள்ளே இருக்கும் செம்பு இழைகள் ஒவ்வொன்றாக ஒடிகின்றன. மேலே பிளாஸ்டிக் தோல் முழுதாக, புதிதுபோல இருக்கும். பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. கையால்தான் கண்டுபிடிக்க வேண்டும். இளநீல வயரை இரண்டு விரல் இடைவெளியில் பிடித்து மெல்ல இழுங்கள். நல்ல வயர் இழுபடாது. உள்ளே ஒடிந்த இடம் ரப்பர்போல நீளும், விரலுக்குக் கொழகொழவென்று இருக்கும். அந்த உணர்வை ஒருமுறை பழகிவிட்டால் மறக்காது.

அதே இடத்தில் தோலும் தேய்ந்து வயர் கழுத்து இரும்பை உரசினால் பியூஸ் போகும். இரண்டு முறையும் வலது இண்டிகேட்டர் போட்டிருந்தபோதுதான் போனது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஒடிவதும் உரசுவதும் ஒரே இடம் என்பது என் ஊகம்.

கிடைத்துவிட்டால், ஒடிந்த இடத்தை முறுக்கி டேப் சுற்றாதீர்கள். முன்னும் பின்னும் நல்ல செம்பு தெரியும்வரை வெட்டி, நடுவில் அதே தடிமனில் புது வயர்த்துண்டு சேர்த்து, ஈயம் வைத்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போட வேண்டும். இணைப்பு வளைகிற இடத்தில் வரக்கூடாது, நேரான பகுதியில் வர வேண்டும். ஈயம் வைத்த இடம் விறைப்பாக இருக்கும். அதை வளைத்துக்கொண்டே இருந்தால் அதன் ஓரத்தில் மறுபடி ஒடியும். வயரை வெட்டும்போது செம்பு கறுத்திருந்தால் இன்னும் கொஞ்சம் வெட்டுங்கள். கறுத்த செம்பில் ஈயம் பிடிக்காது, உருண்டு விழும்.

இழுத்துப் பார்த்ததில் வயர் நன்றாக இருந்தால் சுவிட்சைத் திறக்கலாம். திறக்கும் முன் கையையும் சுவிட்சையும் சேர்த்து ஒரு பெரிய பிளாஸ்டிக் பைக்குள் விட்டுக்கொள்ளுங்கள். உள்ளே கடுகைவிடக் கொஞ்சம் பெரிய இரும்புக் குண்டும் ஒரு ஸ்பிரிங்கும் இருக்கலாம். திறந்ததும் தெறித்து ஓடும். நான் என் முதல் கடையில் ஒரு குண்டுக்காக அரை நாள் தரையைப் பெருக்கியிருக்கிறேன். பித்தளைத் தொடுமுனைகளில் பழைய கிரீஸ் தார்போல இறுகியிருக்கும். கான்டாக்ட் கிளீனர் அடித்துப் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்தாலே போதும். உப்புத்தாள் வேண்டாம். அது மேற்பூச்சை எடுத்துவிடும். இரண்டு மாதம் பளபளவென்று வேலை செய்து, பிறகு முன்பைவிட வேகமாகக் கறுக்கும்.

பிரேக் பிடித்தால் இண்டிகேட்டர் எரிவது

இதைப் பேய் வேலை என்று சொல்லி ஒருவர் என்னிடம் வண்டியை விட்டுப்போயிருக்கிறார். காரணம் மிகச் சாதாரணமானது, எர்த். பிரேக் விளக்குக்குப் போன மின்சாரம், பச்சை வயர் வழியாக பேட்டரியின் எதிர்முனைக்கு (மைனஸ்) திரும்ப வேண்டும். பின்பக்கம் பிரேக் விளக்கு, டெயில் விளக்கு, இரண்டு இண்டிகேட்டர் எல்லாம் அந்தப் பச்சை வயரைத்தான் பங்குபோட்டுக்கொள்கின்றன. மட்கார்டுக்கு அடியில் சக்கரம் வாரியடிக்கும் தண்ணீரில் அந்த இணைப்பு களிம்பேறினால் திரும்பும் வழி அடைபடுகிறது. மின்சாரம் சும்மா இருக்காது. இண்டிகேட்டர் பல்புக்குள் தலைகீழாக நுழைந்து, ஆரஞ்சு, இளநீல வயர்களில் முன்பக்கம் ஓடி, முன் இண்டிகேட்டர் பல்புகளைக் கடந்து, முன்பக்க எர்த்தில் போய் இறங்குகிறது. இத்தனை பல்பைத் தாண்டி வருவதால் எல்லாமே மங்கல். உங்கள் நண்பர் பின்னால் வந்ததால் பின்பக்கத்தைப் பார்த்தார். இருட்டில் சுவருக்கு எதிரே நிறுத்தி பிரேக் பிடித்துப் பாருங்கள், முன் இண்டிகேட்டர்களும் இலேசாகச் சிவந்திருக்கும். மழை காய்ந்ததும் சரியாகிவிடுகிறது என்பதால் யாரும் இதைப் பொருட்படுத்துவதில்லை.

நிரூபிப்பது எளிது. நீளமான வயர் ஒன்றை எடுத்து ஒரு முனையை பேட்டரியின் எதிர்முனையிலும் மறுமுனையை டெயில் விளக்கின் எர்த் இணைப்பிலும் வைத்து, ஒருவரை பிரேக் பிடிக்கச் சொல்லுங்கள். இண்டிகேட்டர் எரிவது நின்றால் வழக்கு முடிந்தது. மல்டிமீட்டர் இருந்தால், பிரேக் விளக்கு எரியும்போது பல்பு ஹோல்டரின் உடலுக்கும் பேட்டரி எதிர்முனைக்கும் நடுவே வோல்ட் பாருங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்ல எர்த். அரை வோல்ட்டைத் தாண்டினால் மோசம்.

இங்கே மல்டிமீட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. விளக்கு எரியாத நேரத்தில் அதை வைத்து "12 வோல்ட் வருகிறது, வயர் நன்றாக இருக்கிறது" என்று முடிவுகட்டுவது படித்த பிள்ளைகள் செய்யும் தவறு. மீட்டர் மின்சாரம் குடிப்பதில்லை. இருபது இழையில் ஓர் இழை மிச்சமிருந்தாலும் அது 12 வோல்ட் என்றே காட்டும். நான் இன்றும் நம்புவது, 10 வாட் பல்பு ஒன்றில் இரண்டு வயர் வைத்து நானே செய்த டெஸ்ட் லாம்பை. இண்டிகேட்டர் கேட்கும் அதே மின்சாரத்தை அதுவும் கேட்கும். வயர் பொய் சொன்னால் மங்கி நின்று காட்டிக்கொடுத்துவிடும். களிம்பு எவ்வளவு தின்னும் என்பதற்குக் கணக்கு வேண்டுமா? இரண்டு 10 வாட் பல்பு எரியும் பாதையில் ஒரே ஓர் ஓம் தடை இருந்தால் ஏறக்குறைய ஒன்றரை வோல்ட் போய்விடும். வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். மத்தியான வெயிலில் அந்த இண்டிகேட்டர் எரிவது லாரிக்காரருக்குத் தெரியாது.

தீர்வு: பழைய இணைப்பைச் சுரண்டுவதோடு நிற்காமல், டெயில் விளக்கிலிருந்து பேட்டரியின் எதிர்முனைக்கே புதிதாக ஒரு பச்சை வயர் இழுத்துவிடுங்கள். பல்பு ஹோல்டரின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா, பல்பின் அடியில் உள்ள ஈயப்பொட்டு பள்ளமாகத் தேய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இணைப்புகளை மூடும் முன் கொஞ்சம் வாஸ்லின் தடவினால் அடுத்த மழைக்குத் தாங்கும்.

நிற்கும்போது மெதுவாவது

இது பேட்டரி. "ஹெட்லைட் பளிச்சென்று எரிகிறது, ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகிறது, பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் காலத்து 100 சிசி வண்டிகளில் ஹெட்லைட்டும் இக்னிஷனும், எஞ்சின் சுழலும்போது மின்சாரம் தரும் மேக்னட் சுருளிலிருந்து நேரடியாக மின்சாரம் எடுப்பவை. பேட்டரியைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போனாலும் வண்டி ஓடும். பேட்டரியை நம்பி இருப்பவை ஹாரன், பிரேக் விளக்கு, இண்டிகேட்டர் ஆகியவைதான். ஆகவே பேட்டரியின் உடல்நிலையை ஹாரனிடம் கேளுங்கள். சிக்னலில் நிற்கும்போது அது கம்மிய குரலில் கத்தினால் சந்தேகமே வேண்டாம்.

முழுதாகச் சார்ஜ் ஏறி ஓய்ந்த பேட்டரி 12.6 வோல்ட்டை ஒட்டிக் காட்டும். எஞ்சினை வேகப்படுத்தினால் 14 முதல் 14.5 வரை ஏற வேண்டும். ஏறாவிட்டால் சார்ஜ் வரும் பாதையில் பழுது, 15ஐத் தாண்டினால் சார்ஜை அளவோடு நிறுத்தும் ரெகுலேட்டர் பழுது. இண்டிகேட்டர் விட்டுவிட்டு எரிய விதித்த வேகம் நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எண்ணிவிடலாம்.

எல்.இ.டி. போட்டு மோசமானது ஏன் என்று கேட்டிருந்தீர்கள். வெப்ப வகை பிளாஷர், தன் வழியே ஓடும் மின்சாரத்தில் சூடாகித்தான் திறந்து மூடும். 20 வாட்டுக்குச் செய்த பிளாஷரில் இரண்டு வாட் எல்.இ.டி. மாட்டினால் அது சூடே ஆகாது. உங்கள் மீட்டரில் இரு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே விளக்கு இருந்தால் இன்னொரு வேடிக்கையும் நடக்கும். அந்தச் சின்ன பல்பு ஆரஞ்சுக்கும் இளநீலத்துக்கும் நடுவில் பாலம்போல உட்கார்ந்திருக்கிறது. அதில் கசியும் மின்சாரமே எல்.இ.டி.க்குப் போதும் என்பதால் நான்கு இண்டிகேட்டரும் சேர்ந்து எரியும். பழுது முழுக்கச் சரியான பிறகு ஆசைப்பட்டால், எல்.இ.டி.க்கான மின்னணு பிளாஷரோடு மாற்றிக்கொள்ளுங்கள். பழுதை வைத்துக்கொண்டு மாற்றாதீர்கள்.

கை காட்டுவதும் சட்டமும்

கை காட்டுவது தவறல்ல. ஆனால் உங்கள் திருப்பத்துக்கு அது போதாது. வலக்கையை நீட்டினால் ஆக்சிலரேட்டரும் முன் பிரேக்கும் கையை விட்டுப் போகின்றன. சரியாக அந்த நொடியில்தான் இரண்டும் வேண்டும். இருட்டிய பிறகு உங்கள் கை யாருக்கும் தெரியாது. பழுது சரியாகும்வரை அந்த இடத்தில் வண்டியை இடது ஓரமாக நிறுத்தி, இரு பக்கமும் காலியான பிறகு கடந்துபோங்கள். இரண்டு நிமிடம் தாமதமாகும், ஆகட்டும்.

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989, மின்சாரத்தில் இயங்கும் இண்டிகேட்டரைக் கட்டாயமாக்குகின்றன. அபராதம் என்று பார்த்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 177ஆம் பிரிவில் முதல் முறை 500 ரூபாய் வரை, அடுத்த முறை 1,500 வரை. அதைவிடப் பெரிய கவலை, விபத்து என்று வந்தால் இழப்பீட்டு வழக்கில் "திரும்புவதற்கு அடையாளமே காட்டவில்லை" என்று எதிர்த்தரப்பு உங்கள் மேல் பங்கு சுமத்தும். பதிவு முதலில் 15 ஆண்டு, பிறகு ஐந்தைந்து ஆண்டு. 2001 வண்டிக்கு 2016, 2021, 2026 என்று புதுப்பிப்பு வரும். ஆய்வாளர் ஹாரனையும் பிரேக் விளக்கையும் இண்டிகேட்டரையும் போட்டுப் பார்ப்பார். ஏமாற்றுகிற இண்டிகேட்டர் அன்றைக்குப் பார்த்து ஏமாற்றும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பதிவுச் சான்று இன்னும் அப்பா பெயரில் இருக்கிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உரிமையாளர் இறந்த 30 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31இல் பெயர் மாற்றக் கேட்க வேண்டும் என்பது விதி. உங்களுக்கு அந்தக் கெடு தாண்டிவிட்டது. இனியும் தள்ளாமல் அலுவலகத்துக்குப் போய்ப் பேசுங்கள். காப்பீட்டையும் கையோடு உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இண்டிகேட்டரைவிட இது அவசரம்.

மெக்கானிக்கும் வயரிங் கிட்டும்

அவர் உங்களை ஏமாற்றுகிறார் என்று நான் நினைக்கவில்லை. வந்து போகும் பழுது, கடைக்கு வந்தால் மருத்துவரைப் பார்த்த குழந்தையின் காய்ச்சல்போல இறங்கிவிடும். ஒரு வண்டியை மூன்று நாள் வைத்துக்கொண்டு ஒன்றும் கிடைக்காமல் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். மறுநாளே திரும்ப வந்தது. கடைசியில் உரிமையாளரின் மனைவி பின்னால் ஏறி உட்கார்ந்த நொடியில் விளக்கு அணைந்தது. பாரம் ஏறினால் மட்கார்டு இறங்கி வயரைக் கவ்வியது. கடையில் அந்த வண்டியில் யாரும் உட்காரவே இல்லை. ஒவ்வொரு வண்டிக்கும் அரை மணி நேரம்தான் ஒதுக்க முடிகிற மெக்கானிக், மாற்றக்கூடிய ஒரு பொருளை மாற்றி அனுப்புகிறார். அது சோம்பல் என்று வேண்டுமானால் சொல்லலாம், மோசடி என்று சொல்ல மாட்டேன்.

உங்கள் உரிமையை விட வேண்டாம். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள், பில் வாங்குங்கள். செய்யாத வேலைக்குப் பணம் வாங்கியிருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு அவகாசமும் உண்டு. மூன்று பிளாஷருக்காகப் போகச் சொல்லி நான் ஆலோசனை தர மாட்டேன். மேலே சொன்ன சோதனைகளின் முடிவை ஒரு தாளில் எழுதி அவரிடமே கொடுங்கள். எந்த வயர், எந்த நிலையில் அணைகிறது என்று தெரிந்தால் அவர் வேலை ஒரு மணி நேரத்தில் முடியும்; கூலியும் அதற்கேற்பத்தான் இருக்கும்.

வயரிங் கிட் மாற்றுவது எப்போது நியாயம்? டேங்கைத் தூக்கிப் பாருங்கள். வயரை வளைத்தால் தோல் மொறுமொறுவென்று வெடித்தாலோ, நீள நெடுக டேப் முடிச்சாக இருந்தாலோ, எங்கேயாவது உருகியிருந்தாலோ தயங்காமல் மாற்றுங்கள். 20 ஆம்பியர் பியூஸோடு ஓட்டியிருப்பதால் உருகலைக் கட்டாயம் பார்க்க வேண்டும். இவை எதுவும் இல்லாவிட்டால் 4,500 ரூபாயில் பாதிகூடச் செலவாகாது. கிட்டை மாற்றினாலும் சுவிட்சும் பேட்டரியும் பழையவைதான் என்பதை மறக்க வேண்டாம். அவை புது வயரிலும் தங்கள் வேலையைக் காட்டும்.

விற்பதைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை, அது உங்கள் வீட்டு விஷயம். இண்டிகேட்டருக்காக விற்க வேண்டியதில்லை என்பதை மட்டும் வீட்டில் சொல்லலாம்.

பின்குறிப்பில், திரும்பிய பிறகு அணைக்க மறந்துவிடுவதால் கத்துகிற பஸ்ஸர் ஒன்றை ஆரஞ்சிலும் இளநீலத்திலும் இணைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். யார் இணைத்தது, எப்படி இணைத்தது? தோலைச் சீவி மேலே சுற்றி டேப் ஒட்டியிருந்தால், ஹேண்டில் கழுத்துக்குப் போகும் முன் அந்த டேப்பைப் பிரித்துப் பாருங்கள். அங்கிருந்தே தொடங்கலாம்.